பன்னிரண்டாம் தரத்தின் முதல் மாதத்தைத் தாருங்கள்

கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், கணித, விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர்களுக்கும், உயர்தர வகுப்புகளில் என்னைப் போலவே வெண்கட்டியோடு நிற்கும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற தவணைப் பரீட்சையில் பன்னிரண்டாம் தரத்துக்கு ஒரு சின்ன வாயுக் கணக்குக் கொடுத்திருந்தேன். 4.157 கன டெசிமீற்றர் கனவளவுள்ள ஒரு பாத்திரம், 300 கெல்வின் வெப்பநிலை, ஓர் இலட்சம் பஸ்கால் அமுக்கம். உள்ளே எத்தனை மூல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) ஒட்சிசன்? உயர்தரம் கற்பிப்பவர்களுக்கு 4.157 என்ற எண்ணைக் கண்டதுமே விளங்கும், அது வாயு மாறிலியான 8.314 இன் சரிபாதி. கணிப்பான் இல்லாமல் கையாலேயே சுருக்கட்டும் என்று தெரிந்தெடுத்த எண். விடை ஆறில் ஒரு மூல், அதாவது 0.167.

திருத்த உட்கார்ந்தபோது 166.7 மூல் என்ற விடை திரும்பத் திரும்ப வந்தது. இலட்சிய வாயுச் சமன்பாட்டைச் சரியாக எழுதியிருந்தார்கள். எண்களைச் சரியான இடங்களில் போட்டிருந்தார்கள். கன டெசிமீற்றரை ஆயிரத்தால் வகுத்துக் கன மீற்றராக மாற்ற மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னும் சிலர் மாற்ற வேண்டும் என்று நினைவு வைத்திருந்தார்கள்; ஆனால் டெசி என்றால் பத்தில் ஒன்றுதானே என்று 10 ஆல் வகுத்து 16.67 மூல் என்று முடித்திருந்தார்கள்.

166.7 மூல் ஒட்சிசனின் திணிவு ஐந்து கிலோகிராமுக்கும் மேல். ஒரு தண்ணீர்ப் பானையளவு பாத்திரத்துக்குள், சாதாரண வளியமுக்கத்தில், ஐந்து கிலோ வாயு இருக்கிறதென்று பிள்ளைகள் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். எவரும் பேனாவை ஒரு கணம் நிறுத்தி யோசித்த அடையாளம் தாளில் இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த இரண்டு கோடுகள்தான்.

அந்தப் பிள்ளைகள் இரசாயனம் விளங்காதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே தாளில் மூலக்கூறுகளின் வடிவங்களைக் கச்சிதமாக வரைந்தவர்கள் அவர்கள். முதலாம் அயனாக்கற் சக்தி ஆவர்த்தனத்தில் ஏன் ஏறி இறங்குகிறது என்று அரைப்பக்கம் விளக்கியவர்கள். அவர்கள் புள்ளிகளை இழக்கும் இடம் வேறு. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தரங்களில் கணித பாடத்தில் படித்த விகிதசமன், சுட்டி, சூத்திரத்தின் எழுவாய் மாற்றல் (வேண்டிய கணியத்தைத் தனியே பிரித்தெடுத்தல்), கனவளவு அலகுகள் ஆகியவற்றில்தான் வழுக்குகிறார்கள். கணிதத்தில் சாதாரண தரத்தில் ஏ எடுத்தவர்களும் இதற்குள் அடக்கம்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் இல்லை என்பதே நேர்மையான பதில். உயிரியற் பிரிவு மாணவருக்கு உயர்தரத்தில் கணிதம் என்று ஒரு பாடமே கிடையாது. பதினோராம் தரத்தில் மடக்கை அட்டவணையை மூடி வைத்த பிள்ளை, அதை மீண்டும் யாரிடம் படிக்கும்? கணித ஆசிரியர், அது பதினோராம் தரத்தோடு முடிந்துவிட்டது என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய நேரசூசியில் இந்த வகுப்பே இல்லை. இரசாயன ஆசிரியரான நான், இதெல்லாம் தெரிந்துதானே வந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாட அலகுக்குப் போகிறேன். பௌதிகவியல் ஆசிரியரும் அப்படியே. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் இருக்கிறது. ஆனால் அங்கும் அளவீட்டு அலகு என்று ஒன்று வருவது அரிது. வகையீட்டில் தேர்ந்த பிள்ளை கன சென்ரிமீற்றரில் தடுக்கி விழுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

எங்கே, எப்படி வழுக்குகிறார்கள் என்று சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அலுவலக மேசையில் இருந்து பார்த்தால் இது பிள்ளைகளின் கவனக்குறைவு போலத் தெரியலாம். பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் நாங்கள் சொல்லிக்கொடுத்த ஏதோ ஒன்று.

"பக்கம் மாற்றினால் குறி மாறும்" என்பது அவற்றுள் முதலாவது. ஏழாம் எட்டாம் தரங்களில் மந்திரம் போலப் பதிந்துவிடும் வசனம் இது. ஐந்தால் பெருக்கிய ஒரு கணியம் இருபதுக்குச் சமம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்தக் கணியம் என்ன என்று கேட்டால் நாலு என்று வகுப்பே சொல்லும். அதையே செறிவு, கனவளவு, மூல் என்ற பெயர்களோடு கொடுத்தால், பெருக்கலில் நின்ற கனவளவை மறுபக்கம் கொண்டுபோய்க் கழித்துவிடுகிறார்கள். ஒரு மாணவியிடம் கேட்டேன், ஏன் பிள்ளை கழித்தீர் என்று. "ரீச்சர், அந்தப் பக்கம் போனா மாறும்தானே?" என்றாள். மாறும் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. எது, ஏன் மாறுகிறது என்பது இல்லை. சமன்பாடு ஒரு தராசு, இரு தட்டிலும் ஒரே வேலையைச் செய்தால்தான் சமநிலை குலையாது என்ற அடிப்படை, அந்த மந்திரத்துக்கு அடியில் புதைந்து போய்விட்டது.

இரண்டாவது, மூல் முக்கோணம். மேலே திணிவு, கீழே மூல் எண்ணிக்கையும் மூலர்த் திணிவும் (ஒரு மூலின் திணிவு). வேண்டியதை விரலால் மூடினால் மீதி விடையைச் சொல்லும். நானும் இதைப் பல ஆண்டுகள் கற்பித்தேன். அவசரத்துக்கு உதவியது, பிள்ளைகள் விரும்பினார்கள். ஆனால் மூன்று கணியங்கள் உள்ள தொடர்புக்கு மட்டும்தான் முக்கோணம் இருக்கிறது. வாயுச் சமன்பாட்டில் ஐந்து வந்ததும் விரலுக்கு வேலையில்லை, பிள்ளைக்கு வழியுமில்லை. அதைவிட மோசம், முக்கோணத்துக்குள் அலகுக்கு இடமே கிடையாது. கிராமும் மூலும் எப்படி உறவாகின்றன என்று யோசிக்க வேண்டிய இடத்தில் பிள்ளை விரலை நகர்த்திக்கொண்டிருக்கிறது. இப்போது நான் அதைக் கற்பிப்பதில்லை. தனியார் வகுப்பில் இருந்து அது எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, வெப்பநிலை. பாகை செல்சியசைக் கெல்வினாக்க 273 ஐக் கூட்டு என்று சொல்லிவைக்கிறோம். சக்தியியல் அலகில், நடுநிலையாக்கலின்போது கரைசலின் வெப்பநிலை 6.5 பாகை உயர்ந்தது என்றால், பிள்ளை அதற்கும் 273 ஐக் கூட்டி 279.5 என்று பெருக்குகிறது. 100 கிராம் கரைசல், தன்வெப்பக் கொள்ளளவு 4.2 என்றால் வெளிவிட்ட வெப்பம் 2.73 கிலோயூல். இவர்களுக்குக் கிடைப்பது 117 கிலோயூல். அந்தக் கரைசலைக் கொதிக்க வைத்து, அதில் ஒரு பகுதியை ஆவியாக்கவும் அது போதும். இதற்கு நான் கண்ட மருந்து கன்னியா. வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் ஒரே சூடு இல்லை என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கெல்வினில் அந்த வித்தியாசம் 276 ஆகிவிடுமா, அப்படியென்றால் வாளியால் அள்ளி உடம்பில் ஊற்றுவீர்களா என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அதன் பிறகு வித்தியாசத்துக்கு 273 ஐக் கூட்டும் பிள்ளைகள் மிகவும் குறைந்துவிடுவார்கள்.

சுட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்தர இரசாயனப் பரீட்சையில் கணிப்பானுக்கு இடமில்லை. வினாத்தாளின் முதற்பக்கத்தில் அவகாதரோ மாறிலியும் பிளாங்கின் மாறிலியும் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று பத்தின் 23 ஆம் வலு, மற்றது பத்தின் மறை 34 ஆம் வலு. இவற்றைக் கையால் பெருக்கி வகுக்க வேண்டும். அதுவும் எப்போது? முதலாம் அலகான அணுக்கட்டமைப்பிலேயே. ஐதரசன் நிறமாலையின் சிவப்புக் கோடு 656 நனோமீற்றர், ஒரு போட்டனின் சக்தி என்ன என்பதுதான் பிள்ளை சந்திக்கும் முதற் கணக்குகளில் ஒன்று. நனோவை மீற்றராக்கத் தெரியாத பிள்ளை உயர்தரத்தின் முதல் வாரங்களிலேயே தனக்கு இரசாயனம் ஓடாது என்று தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை மாற்ற எனக்கு இரண்டு வருடமும் போதுவதில்லை.

மென்னமிலங்களுக்கு வரும்போது இதே நோய் வேறு உருவில் வருகிறது. 0.10 மூலர் அசற்றிக் அமிலத்தில் ஐதரசன் அயன் செறிவு காண 1.8 பெருக்கல் பத்தின் மறை 6 ஆம் வலுவின் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரட்டை வலு என்பதால் தப்பித்துக்கொள்வார்கள். 1.0 மூலர் அமிலம் என்றால் வலு மறை 5 ஆகிவிடும்; 1.8 ஐ 18 ஆக்கி வலுவை மறை 6 ஆக்கினால் வழி திறக்கும். பத்தாம் தரப் பிள்ளைக்குரிய இந்தச் சின்னத் திருப்பம் தெரியாமல் பதின்மூன்றாம் தரத்தில் திகைத்து நிற்கிறார்கள். பீ.எச். பெறுமானம் ஒன்றால் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு என்பதை மனப்பாடமாகச் சொல்வார்கள். மடக்கையில் இருந்து அது எப்படி வருகிறது என்று கேட்டால் பதில் இராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதே பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு உண்மையையும் நீங்கள் அறிய வேண்டும். வீட்டில் இவர்கள் அலகு மாற்றுவதில் வல்லவர்கள். ஒரு பவுண் எட்டுக் கிராம் என்று தெரிந்த பிள்ளைக்கு, அக்காவின் மூன்றேகால் பவுண் சங்கிலி எத்தனை கிராம் என்று கேட்டால் கடதாசி தேவையில்லை. காணி பேர்ச்சஸில் பேசப்படும்போது 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர் என்று வைத்து மனதாலேயே வகுப்பார்கள். பாண் இறாத்தல் 450 கிராம். என் வகுப்பில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். செறிந்த அமிலத்தை ஐதாக்கும் கணக்கை ஐந்து முறை செய்து ஐந்து முறையும் பிழை விட்டான். ஒருநாள் கேட்டேன், தம்பி, வெளியிணைப்பு இயந்திரத்துக்கு ஒயில் எப்படிக் கலப்பீர்கள் என்று. "ஐம்பதுக்கு ஒண்டு ரீச்சர், இருபது லீற்றருக்கு நானூறு மில்லி" என்றான், கண் இமைக்கும் நேரத்தில். லீற்றரை மில்லிலீற்றராக்கினான், ஐம்பதால் வகுத்தான், மீண்டும் அலகோடு சொன்னான். நான் கரும்பலகையில் வைத்துக் கற்பிக்க முயன்ற முழுக்கணக்கும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. அவனுக்கு இல்லாதிருந்தது, இரண்டும் ஒரே கணக்கு என்று சொல்ல ஓர் ஆள்.

இன்னொன்று. குளுக்கோசின் மூலர்த் திணிவைக் கணித்துக்கொண்டிருந்த ஒரு பாடத்தில் ஒரு மாணவி கை உயர்த்தினாள். தன் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சீனி 126 என்றும், லண்டனில் இருக்கும் சித்திக்கு 7 என்றும், சித்திக்கு இவ்வளவு குறைந்தும் ஏன் மருந்து கொடுக்கிறார்கள் என்றும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இங்கே நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள், அங்கே ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமூல் என்று எழுதுகிறார்கள், நீங்களே பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நூறு மில்லிலீற்றரில் 126 மில்லிகிராம் என்றால் ஒரு லீற்றரில் 1260 மில்லிகிராம். 180 ஆல் வகுத்தால் 7. வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அம்மாவும் சித்தியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்குப் பிறகு ஒரு விடையையும் அலகில்லாமல் எழுதியதில்லை.

இந்தப் பிள்ளைகளில் பலர் மருத்துவர்களாக, தாதியராக, மருந்தாளர்களாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகப் போகப்போகிறவர்கள். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்கு வெளிற்றும் தூள் போடுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த மணம் எங்கள் கரையோரம் முழுவதும் இருந்தது. அதுவும் இதே கணக்குத்தான். இரண்டு மீற்றர் விட்டமுள்ள கிணறு, ஒன்றரை மீற்றர் தண்ணீர். ஆரை ஒரு மீற்றர் என்பதால் கனவளவு ஏறத்தாழ 4.71 கன மீற்றர், அதாவது 4710 லீற்றர். லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரீன் வேண்டும் என்று பயிற்சிக்காக வைத்தால் 23.6 கிராம். தூளில் முப்பது வீதம்தான் பயன்படு குளோரீன் என்றால் நிறுக்க வேண்டியது 78.5 கிராம் தூள். ஆரைக்குப் பதில் விட்டத்தைப் பிரதியிட்டவர் நாலு மடங்கு கொட்டுவார். ஒரு கன மீற்றரில் எத்தனை லீற்றர் என்பதில் தவறியவருக்கு வரும் அளவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தவணைப் பரீட்சைத் தாள் இல்லை, ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீர்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் நான் வகுப்புக்குள் கொண்டுவருவதுண்டு. ஒரு தாங்கியின் கொள்ளளவு சுமார் 12,000 கிலோலீற்றர் என்று ஓரிடத்திலும் 10,000 தொன் என்று இன்னோரிடத்திலும் படித்த மாணவர்கள், எது சரி என்று சண்டை பிடிப்பார்கள். டீசலின் அடர்த்தி லீற்றருக்கு ஏறத்தாழ 0.83 கிலோகிராம் என்று கொடுத்தால், பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களே சொல்வார்கள். கனவளவையும் திணிவையும் இணைக்கும் பாலம் அடர்த்தி என்பதை எந்த வரைவிலக்கணத்தைவிடவும் அந்தத் தாங்கிகள் நன்றாகக் கற்பிக்கின்றன.

அந்தப் பாலத்தில் கால் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 1983 யூலை 23 ஐச் சொல்வேன். எயார் கனடாவின் ஒரு போயிங் 767 விமானம். பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. தாங்கிகளில் இருந்தது 7,682 லீற்றர். அதைக் கிலோகிராமாக்க லீற்றருக்கு ஏறத்தாழ 0.8 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லீற்றருக்கு இத்தனை இறாத்தல் என்ற எண். கனடா அப்போதுதான் மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. வந்த விடை இறாத்தலில் இருந்தது. எல்லோரும் அதைக் கிலோகிராம் என்று வாசித்தார்கள். இருபதாயிரம் லீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் ஐயாயிரம் லீற்றருக்கும் குறைவாக நிரப்பினார்கள். நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானியின் கைத்திறனால் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கி, அனைவரும் உயிர் தப்பினார்கள். பலர் கைபட்ட கணக்கு அது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதி, அலகையும் அலகையும் வெட்டிப் பார்த்திருந்தால் அந்த வரியிலேயே பிடிபட்டிருக்கும்.

இனி நான் கேட்பது.

பன்னிரண்டாம் தரத்தின் முதல் மாதத்தில் இருபது பாடவேளைகளை, உயிரியல், கணிதம் ஆகிய இரு பிரிவுகளுக்கும் சேர்த்து, இதற்கென ஒதுக்கித் தாருங்கள். அதைக் கணித ஆசிரியர் ஒருவரும் இரசாயன ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து கற்பிக்க நேரசூசியில் இடம் செய்யுங்கள். இந்தச் சேர்ந்து என்ற சொல்லில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கணித ஆசிரியர் தனியாக எடுத்தால் அது பதினோராம் தர மீட்டலாகிவிடும். நான் தனியாக எடுத்தால் மீண்டும் முக்கோணங்களாகிவிடும். எழுவாய் மாற்றலை அவர் தராசு போல விளக்கும்போதே, பக்கத்தில் நின்று நான் அதற்குள் செறிவையும் கனவளவையும் போட வேண்டும். இரண்டும் ஒரே பாடம் என்று பிள்ளை அப்போதுதான் கண்ணால் காணும்.

அந்த இருபது பாடவேளைகளில் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். பவுணும் பேர்ச்சஸும் பாணும் வைத்து விகிதசமனில் தொடங்குவோம். எந்த மாற்றத்தையும் ஒன்றால் பெருக்குவதாக எழுதப் பழக்குவோம்: ஒரு கன டெசிமீற்றரின் கீழ் ஆயிரம் கன சென்ரிமீற்றர் என்ற பின்னத்தின் பெறுமானம் ஒன்று, ஆகவே அதனால் பெருக்கினால் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும், வேண்டாத அலகு மேலும் கீழும் வெட்டுப்படாவிட்டால் பின்னத்தைத் தலைகீழாக வைத்துவிட்டோம் என்று பொருள். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. பெருக்குவதா வகுப்பதா என்று பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

கனவளவுக்கு மட்டும் முழுதாக இரண்டு பாடவேளை வேண்டும். மட்டையால் பத்துச் சென்ரிமீற்றர்ப் பெட்டி ஒன்று பிள்ளைகளே செய்ய வேண்டும். அதற்குள் ஒரு சென்ரிமீற்றர்க் கட்டைகளை ஒரு வரி, ஒரு தளம் என்று அடுக்கி, ஆயிரம் எப்படி வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு ஆய்வுகூட மூலையில் தடிகளைக் கட்டி ஒரு கன மீற்றர்ச் சட்டம். இரண்டு மூன்று பிள்ளைகள் அதற்குள் குந்தியிருக்கலாம். கையில் இருக்கும் பெட்டி இந்தச் சட்டத்துக்குள் எத்தனை அடங்கும்? பத்து என்று சொன்ன வாய் தானாகவே மூடிக்கொள்ளும். நான் இதை ஒரு தடவை செய்து பார்த்தேன். அந்த வகுப்பில் 16.67 மூல் என்ற விடையை நான் பின்னர் பார்க்கவில்லை.

சுட்டியும் விஞ்ஞானமுறைக் குறிப்பீடும், கணிப்பான் இல்லாமல் அண்ணளவாக்கலும் அடுத்து வரும். விடையை எழுதுமுன் "இது பத்தா, நூறா, பத்தில் ஒன்றா" என்று மதிப்பிடும் பழக்கம் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஐந்து கிலோ ஒட்சிசன் அங்கே தடுக்கப்பட்டிருக்கும். கடைசியில் ஆய்வுகூடத்தில் ஒரு மெய்யான வேலை: செறிந்த ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலின் முகப்புச்சீட்டை வாசித்தல். திணிவின்படி 36 வீதம், அடர்த்தி 1.18, மூலர்த் திணிவு 36.5. ஒரு கன டெசிமீற்றரை எடுத்து யோசித்தால் 1180 கிராம் கரைசல், அதில் 425 கிராம் அமிலம், ஏறத்தாழ 11.6 மூல். 0.1 மூலர் கரைசல் 250 கன சென்ரிமீற்றர் ஆக்க அதிலிருந்து இரண்டு கன சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் போதும். அதைக் கனமானக் குடுவையில் ஆக்கி, நியமித்துப் பார்த்து, தன் கணக்குச் சரிதான் என்று பிள்ளை அளவியிலேயே காண வேண்டும். மடக்கையும் பீ.எச். உம் இப்போது வேண்டாம். அந்த அலகு வரும்போது கணித ஆசிரியரை மீண்டும் ஒருநாள் அழைத்துக்கொள்வோம்.

ஐந்து வலயங்களுக்கும் பொதுவாக ஒரு பக்க அறிநிலைத் தாள் ஒன்றும் வேண்டும். முதல் நாளில் கொடுக்க. அதற்குப் புள்ளி வேண்டாம், தரவரிசை வேண்டாம், பெற்றோருக்கு அறிக்கையும் வேண்டாம். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். வலயத் தவணைப் பரீட்சைகளின் புள்ளியிடும் திட்டத்தில், இடைவரிகளில் அலகு எழுதுவதற்கென்று வெளிப்படையாகப் புள்ளி வையுங்கள். புள்ளி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் கவனம் வைப்பார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் வைப்போம்.

பாடத்திட்டம் முடியாது என்ற மறுப்பு வரும். வாயு நிலையில் ஒருமுறை, சக்தியியலில் ஒருமுறை, இரசாயன இயக்கவியலில் ஒருமுறை, சமநிலையில் இரண்டு முறை என்று, இதே அலகையும் இதே எழுவாய் மாற்றலையும் நான் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சொல்லும் பாடவேளைகள் இருபதைவிட அதிகம். அவை அரைகுறையாகவும் அவசரமாகவும், அடுத்த மணி அடிக்குமுன்னும் சொல்லப்படுபவை. முதலில் ஒருமுறை நன்றாகச் செய்தால் பின்னர் நேரம் மிஞ்சும் என்பது என் அனுபவம்.

தனியார் வகுப்பில் படித்துக்கொள்வார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். நகரத்தில் இருப்பவர் படிக்கலாம். வெருகலில் இருந்தும் ஈச்சிலம்பற்றில் இருந்தும் சம்பூரில் இருந்தும் குச்சவெளிக்கு அப்பால் இருந்தும் வரும் பிள்ளை, மாலை வகுப்பு முடிந்து எந்த பஸ்ஸில் வீடு போகும்? அதற்கு எங்கே காசு? புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று மணல் இருக்கிறது. அந்த மணலில் ஒரு தொன் தூய இல்மனைற்று எடுத்தால் அதில் ஏறத்தாழ 316 கிலோகிராம் தைத்தேனியம் உண்டு என்று அந்தக் கரையின் பிள்ளையே கணித்துச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பாடசாலை நேரத்துக்குள் கற்பிக்கப்படுவது மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு உறுதியாகப் போய்ச் சேரும்.

ஆசிரியர் பற்றாக்குறையையும் நான் அறிவேன். ஒவ்வொரு பாடசாலையிலும் இருவரை ஒரே வேளையில் விட முடியாதென்றால், அயலில் உள்ள இரண்டு பாடசாலைகளுக்கு ஒரு கணித ஆசிரியர் என்று அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஒழுங்கு செய்யலாம். அதற்கு முன்னர், மாவட்டத்தின் கணித ஆசிரியர்களையும் இரசாயன ஆசிரியர்களையும் ஒரே மண்டபத்தில் ஒருநாள் உட்கார வையுங்கள். இத்தனை ஆண்டுச் சேவையில் நான் போன கருத்தரங்குகள் எல்லாம் இரசாயனக்காரருக்கு மட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு "பக்கம் மாற்றினால் குறி மாறும்" என்று சொல்லிக்கொடுத்தவரோடு நான் இதுவரை ஒருமுறைகூட ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதில்லை. அவருக்கும் என்னிடம் கேட்க நிறைய இருக்கும்.

பயிற்சித் தாள்களைத் தமிழில் ஆக்கி வைத்திருக்கிறேன். மட்டைப் பெட்டிக்கான வரைபடமும் இருக்கிறது. எந்த வலயம் கேட்டாலும், எந்தப் பாடசாலை கேட்டாலும் தருவேன். சனிக்கிழமைகளில் வந்து செய்து காட்டவும் தயார். அடுத்த பன்னிரண்டாம் தர வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு திகதி குறித்துச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.